நூறாவது அவுட்டுக்கு ஒரு சந்தன மாலை

அபுதாபியில் எழுபதுகளின் நடுவில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி என் கணவரின் நண்பர்கள் யாரைக் கேட்டாலும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். அன்று மைதானத்தில் தமிழர்கள் ஒரு பஸ் நிறைய இருந்தோம். இவர்கள் சொல்வதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு கப்பல் நிறைய இருந்திருக்க வேண்டும். அந்த மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒருவர், தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததாக இப்போதும் கூசாமல் சொல்கிறார். பந்து கடலில் போய் விழுந்தது என்பார் ஸ்டோர்காரர். கடல் அங்கிருந்து காரில் போனாலே அரை மணி நேரம். இல்லை, பந்து கிடைக்கவே இல்லை, வானத்திலேயே போய்விட்டது என்பார் அக்கவுண்ட்ஸ்காரர். அவர் அன்று முழுக்கக் குனிந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், வானத்தை எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை.

நான் அந்த ஆட்டத்தைக் கண் கொட்டாமல் பார்த்தவள். விளையாட்டு ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. என்னுடைய வேலை ஒன்று அந்த ஆட்டத்தில் சிக்கிக்கொண்டிருந்தது.

என் கணவர் ஒரு அமெரிக்கக் காண்ட்ராக்ட் கம்பெனியில் செலவுக் கணக்குப் போடும் எஸ்டிமேட்டர். ஊருக்கு வெளியே மணலில் வரிசையாகப் போட்டிருந்த பலகை வீடுகளில் ஒன்று எங்களுக்கு. குடும்பத்தோடு இருந்த தமிழர்கள் நாலைந்து வீடுதான். மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் கேம்ப்பில், ரூமுக்கு ஆறு பேர் என்று இருந்தார்கள். நான் கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவள். அபுதாபிக்கு வந்த பிறகு என் தினசரி வேலை, காலையில் இவரை டியூட்டிக்கு அனுப்பிவிட்டு, ஏர்கண்டிஷனர் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஜன்னல் விளிம்பில் படியும் மணலைத் துடைப்பது. துடைத்து முடித்தால் மறுபடி படியும். அதுவும் ஒரு வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தியப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒரு விழாவில் என்னைப் பார்த்துப் பேசினார். கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்த படிப்பைக் கேட்டதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்தது பிடித்தபடி விடவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றார். கணவருடைய கம்பெனியிலிருந்து என்.ஓ.சி. இந்தப் பெண் வேறு இடத்தில் வேலை பார்ப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். என்னுடைய விசா இவருடைய கம்பெனி தயவில் வந்தது. அந்தத் தாள் இல்லாமல் நான் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸைக்கூடத் தொட முடியாது. குளிர்கால விடுமுறை முடியும் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "பேஷா கேட்டுடலாம்" என்றார். "ஆனா மேனேஜர்கிட்ட எடுத்த எடுப்புல கேக்க முடியாது. மூடு பாத்துதான் கேக்கணும்."

இங்கேதான் பேஸ்பால் உள்ளே வருகிறது.

மேனேஜர் நெட்டையான ஒரு அமெரிக்கர். வெள்ளிக்கிழமைகளில் கம்பெனி அணிக்குப் பந்து எறிபவர் அவர்தான். சனிக்கிழமை காலை ஆபீஸ் நடப்பது முந்தின நாள் ஆட்டத்தைப் பொறுத்தது என்று எங்கள் ஆட்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர் ஜெயித்திருந்தால் லீவு அப்ளிகேஷன் போட்டவனுக்கு லீவு, அட்வான்ஸ் கேட்டவனுக்கு அட்வான்ஸ். தோற்றிருந்தால் அவர் அறைக்குள் டீ கொண்டுபோகிறவன்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவான். இது உண்மையா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல், வெள்ளிக்கிழமை தோறும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து மைதானத்துக்குப் போய் அவருக்காகக் கை தட்ட ஆரம்பித்தார்கள். இப்படித்தான் அபுதாபியில் தமிழ் பேஸ்பால் ரசிகர் மன்றம் பிறந்தது.

ஆட்டம் இவர்களுக்குப் புரிந்ததா என்றால், இல்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். மைதானம் என்பது மணலில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றி ரோலர் விட்ட ஒரு கருப்புத் திட்டு. அதன் நடுவே ஒரு சின்ன மேட்டில் நின்று மேனேஜர் முதல் பந்தை எறிந்ததும் ஸ்டோர்காரர் துள்ளி எழுந்து, "த்ரோ! கை மடங்குது! நோ-பால்!" என்று கத்தினார். எறிவதுதான் ஆட்டமே என்று அவரைச் சமாதானப்படுத்த இரண்டு வாரம் ஆனது. மட்டைக்காரன் பந்தை நேரே அடிக்கத் தெரியாமல் பின்பக்கமாகச் சீவிவிட்டால், அது அவனுக்கு அவமானம். எங்கள் வரிசையோ, "அடடா, என்ன லேட் கட்!" என்று கை தட்டும். அமெரிக்கர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நட்போடு பார்க்கிறார்கள் என்று நினைத்து இவர்கள் கையை ஆட்டுவார்கள்.

போகப்போக ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பந்தை மட்டைக்காரன் தவறவிட்டால் அவன் அவுட். அதற்கு ஸ்ட்ரைக் அவுட் என்று பெயர். அது புரிந்துவிட்டது. விக்கெட் மாதிரிதானே. அன்றிலிருந்து அக்கவுண்ட்ஸ்காரர் மேனேஜருடைய விக்கெட்டுகளை எண்ணத் தொடங்கினார். அவர் நாகர்கோவில்காரர், எதையாவது எண்ணாவிட்டால் சாப்பாடு இறங்காது.

என்.ஓ.சி. என்ன ஆயிற்று என்று நான் சனிக்கிழமை தோறும் கேட்டேன். தோற்ற வாரம், "இன்னிக்கு அவர் முகமே சரியில்ல" என்பார். ஜெயித்த வாரம், "பாவம், சந்தோஷமா இருக்கார், அதுல போயி நம்ம விஷயத்தை எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்பார். ஒரு வாரம் மழை வந்து ஆட்டமே நடக்கவில்லை. அந்தப் பாலைவனத்தில் வருஷத்துக்கு ஒருமுறை பெய்யும் மழை, என் வெள்ளிக்கிழமையைத் தேடி வந்து பெய்தது. "ஆட்டமே இல்லாதப்ப மூடு எப்படின்னு எப்படித் தெரியும்?" என்றார் இவர். தலைமை ஆசிரியை இரண்டு தடவை ஆள் அனுப்பி விசாரித்தார். இன்னும் ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

விடுமுறை முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. அப்போது ஒருநாள் சாயங்காலம் இவர் பரபரப்பாக வந்தார். மேனேஜருக்குச் சவுதிக்கு மாற்றல். வரும் வெள்ளிக்கிழமை துபாய் அணியோடு கடைசி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை விமானம். புதிதாக வரப்போகிற ஆள் கண்டிப்பானவராம், வேலைக்காரர்களின் மனைவிமார் விஷயத்தை எல்லாம் தொடவே மாட்டாராம்.

"அப்போ நாளைக்கே கேட்டுடுங்க" என்றேன்.

"அதை விடு. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு" என்றார். "அக்கவுண்ட்ஸ்ல கணக்குப் பண்ணிப் பாத்துட்டான். மேனேஜருக்கு நூறாவது விக்கெட்டுக்கு இன்னும் ஏழுதான் பாக்கி!"

நூறு என்ற எண்ணைக் கேட்டால் நம்மவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் மட்டைக்காரன் நூறு அடித்தால் எவனாவது ஒருவன் வேலி தாண்டி ஓடுவான், நடு மைதானத்தில் மாலை போடுவான், கையைக் குலுக்குவான், துரத்தி வரும் போலீஸ்காரருக்குக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவான். ஆட்டம் நின்று பார்க்கும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதை அப்படியே இங்கேயும் செய்வதென்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எட்டுப் பேர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மாலை போட்ட கையோடு, அந்த நெகிழ்ச்சியில், என் என்.ஓ.சி.யையும் கேட்டுவிடுவதாக இவர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். "கவலையே படாதீங்க அண்ணி, மாலை விழுந்த கழுத்து மாட்டேன்னு சொல்லாது" என்றார் அக்கவுண்ட்ஸ்காரர். நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார். நானும் நம்பினேன். நம்புவதைத் தவிர அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் மாலைக்கு எங்கே போவது? அபுதாபியில் அப்போது பூ என்பது காலண்டரில் பார்ப்பது. தோட்டங்கள் உள்ள அல் ஐன் ஊரில் கடை வைத்திருந்த ஒரு தெரிந்தவருக்குச் சொல்லி அனுப்ப, அவர் ஒரு பை நிறைய அரளிப்பூ பறித்துக் காரில் கொடுத்துவிட்டார். வந்து சேர்ந்தபோது அது வதக்கிய கீரை மாதிரி இருந்தது. கடைசியில் இவர் கண்கள் எங்கள் ஹால் சுவரில் போய் நின்றன. அங்கே என் மாமனார் படம். படத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தன மாலை.

"அது மாமாவுக்குப் போட்டது" என்றேன்.

"அப்பா கோவிச்சுக்க மாட்டார். அவரும் கிரிக்கெட் பாப்பார்" என்றார்.

செத்துப்போன மாமனார் கழுத்திலிருந்து கழற்றி, உயிரோடு நன்றாக இருக்கும் ஒரு அமெரிக்கருக்குப் போட மாலை தயாராகிவிட்டது. தூசி மட்டும் நான் தட்டிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் நிறையப் போனோம். பெண்கள் நாங்கள் மூன்று பேர் அமெரிக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் போய் உட்கார்ந்தோம். ஆண்கள் எதிர்ப்பக்கம், கயிறு கட்டிய எல்லைக்குப் பக்கத்தில். இவர் மடியில் பிளாஸ்டிக் பையில் மாலை. அக்கவுண்ட்ஸ்காரர் ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் எழுந்து நின்று, ஏலம் விடுகிறவர் மாதிரி எண்ணைக் கத்தினார். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று ஐந்து. அமெரிக்கர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

பாதி ஆட்டத்துக்கு மேல் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எங்கள் பக்கம் பெஞ்சில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் சிரித்துக்கொண்டும் சாண்ட்விச் தின்றுகொண்டும் இருந்த பெண்கள் இப்போது கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தால், அவர் அணியினர் யாரும் பக்கத்தில் போகவில்லை. தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. ஏதோ சண்டை போலிருக்கிறது, இன்று போய் மூடு கெட்டுவிட்டதே என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பெண்மணியிடம் மெதுவாகக் கேட்டேன், அவருக்கு என்ன ஆயிற்று என்று.

அந்த அம்மாள் என் காதருகே குனிந்து சொன்னார். இதுவரை துபாய்க்காரர்களில் ஒருவனால்கூட மேனேஜருடைய பந்தை ஒழுங்காக அடித்து ஓட முடியவில்லை. ஒன்பது சுற்றும் இப்படியே முடிந்தால், ஒரு பந்து எறிபவனுக்கு அதைவிடப் பெரிய பெருமை கிடையாது. முக்கால்வாசிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்ப்பதில்லை. மேனேஜர் கல்லூரி நாளிலிருந்து இதற்காக எறிந்துகொண்டிருக்கிறார், ஒரு தடவையும் கிடைத்ததில்லை. அது நடந்துகொண்டிருக்கும்போது யாரும் அவரோடு பேசக்கூடாது, அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது, திறந்தால் கலைந்துவிடும் என்று ஒரு வழக்கம். சொல்லிவிட்டு, தானே சொல்லிவிட்டோமே என்று மரப் பெஞ்சை விரலால் தட்டிக்கொண்டார்.

இது மட்டும் நடந்துவிட்டால் அந்த மனிதர் இருக்கிற சந்தோஷத்தில் எனக்கு என்.ஓ.சி. என்ன, பள்ளிக்கூடத்தையே எழுதிக் கொடுத்துவிடுவார். அன்றுதான் முதல்முறையாக நான் பேஸ்பால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் எனக்கு மூச்சு நின்று வந்தது. எங்கள் தெருப் பிள்ளையாரில் தொடங்கி மலைக்கோட்டைப் பிள்ளையார் வரை எல்லோரையும் கூப்பிட்டேன்.

எட்டாவது சுற்றில், மட்டைக்காரன் ஒருவன் மூன்றாவது பந்தையும் கோட்டைவிட்டான். எதிர்ப்பக்கத்திலிருந்து, "நூ...று!" என்று ஒரு சத்தம்.

நான் எழுந்து நின்றேன். இவர் கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்துகொண்டிருந்தார்.

"என்னங்க! வேண்டாங்க! போகாதீங்க!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் இவரைப் பொது இடத்தில் அப்படிக் கத்திக் கூப்பிட்டதில்லை. இவர் ஓடியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலும், மாலையைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஓட்டத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். எண்ணெய் மணலில் பாட்டா செருப்பு வழுக்க வழுக்க, வேட்டிக்குப் பழகிய கால்கள் பேண்ட்டில் தடுமாற, கையில் அப்பாவின் மாலையோடு ஓடினார். மைதானத்தில் அத்தனை பேரும் கல்லாக நின்றார்கள். அம்பயர் இரண்டு கையையும் விரித்தார். மேனேஜர் முதலில் பயந்துபோய் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு, பாவம், நல்ல மனிதர், விஷயம் புரியாவிட்டாலும் தலையைக் குனிந்து கொடுத்தார். இவர் மாலையைப் போட்டார், கையைப் பிடித்துக் குலுக்கினார், கேமராவோடு நின்ற எங்கள் ஆள் ஒருவர் பக்கம் அவரைத் திருப்பி நிறுத்தினார். அதோடு விட்டாரா? சத்தமாக, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, இங்கிலீஷில் சொன்னார்: "சார், இன்று உங்கள் பந்தை யாருமே அடிக்கவில்லை!"

என் பக்கத்து அம்மாள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

மேனேஜர் மாலையைக் கழற்றிப் பந்து பிடிக்கிறவனிடம் கொடுத்தார். அவனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் பின்னால் வேலிக் கம்பியில் மாட்டினான். ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த பந்தைத் துபாய்க்காரன் அடித்தான். அந்தச் சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது. பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய் வேலி தாண்டி, கேம்ப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்து நின்றிருந்த டாங்கர் லாரியின் முதுகில் பட்டு விழுந்தது. கடலும் இல்லை, வானமும் இல்லை, தண்ணீர் லாரி. லாரிக்கார பட்டாணியர் இறங்கி வந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "கியா ஹுவா பாய்?" என்று, என்னப்பா ஆயிற்று என்று, எல்லோரையும் பார்த்துக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் வரிசை மட்டும் கை தட்டியது. நல்ல சிக்ஸர் என்று.

ஆட்டத்தை எங்கள் கம்பெனிதான் ஜெயித்தது. யாரும் சந்தோஷமாக இல்லை. எங்கள் ஆட்களுக்கு யாரோ இந்தியில் விளக்கிச் சொன்ன பிறகு முகத்தில் ஈயாடவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் போய் பஸ்ஸில் ஏறிப் பம்மி உட்கார்ந்துகொண்டார்கள். இவர் கடைசி சீட்டில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்.ஓ.சி.?" என்றேன்.

"உனக்கு அறிவிருக்கா? இப்பப் போயி கேக்கச் சொல்றியா? கலாஸ். எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வாரம், இத்தனை வெள்ளிக்கிழமை, ஜெயித்தாலும் தோற்றாலும் மழை பெய்தாலும் ஒரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் விமானம் ஏறிவிடுவார். நான் மறுபடி ஜன்னல் விளிம்பைத் துடைக்கப் போய்விடுவேன். பஸ் டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கினேன். புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தேன்.

மேனேஜர் தன் வண்டியின் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து, எறிகிற கையை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். வேலிக் கம்பியிலிருந்து எடுத்து வந்த மாலை பக்கத்தில் இருந்தது. நான் இன்னாருடைய மனைவி என்று சொல்லி, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"மாலை நல்ல வாசனையாக இருக்கிறது" என்றார் இங்கிலீஷில். "அது இல்லாவிட்டாலும் அவன் அடித்திருக்கலாம். யாருக்குத் தெரியும்." சிரிக்க முயன்றார். சிரிப்பு சரியாக வரவில்லை. இத்தனை வருஷக் காத்திருப்பு வீணான முகம் எப்படி இருக்கும் என்று அப்போது பார்த்தேன். எனக்கு அந்த முகம் பழக்கப்பட்டதாகவே இருந்தது.

பிறகு கேட்டேன். இந்தியப் பள்ளியில் வேலை, என்.ஓ.சி. வேண்டும், இந்த நேரத்தில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கையை வாளியிலிருந்து எடுத்தார். "அது தீபாவளி சமயத்திலேயே முடிந்துபோன விஷயம் இல்லையா?" என்றார். "உங்கள் தலைமை ஆசிரியை எனக்கு அப்போதே போன் செய்தார். நான் அன்றைக்கே உங்கள் கணவரைக் கூப்பிட்டு, தாராளமாகப் போகட்டும், டைப் செய்யச் சொல்கிறேன் என்றேன். உங்களுக்கு வேலைக்குப் போவதில் விருப்பம் இல்லை, வீட்டில் இருப்பதைத்தான் விரும்புகிறீர்கள், பள்ளிக்கூடத்தில் வற்புறுத்தியதால் மறுக்கச் சங்கடப்பட்டுச் சரி என்றீர்கள் என்று உங்கள் கணவர் சொன்னாரே."

பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு விருப்பம் இருக்கிறது" என்றேன். இங்கிலீஷில் அதை எத்தனை எளிதாகச் சொல்ல முடிகிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "நாளைக் காலை ஆபீசுக்கு வாருங்கள். முதல் கையெழுத்து உங்களுடையது" என்றார்.

பஸ்ஸில் அத்தனை பேர் மத்தியில் பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் கேட்கலாம் என்றால், எட்டுப் பேரும் நேரே எங்கள் வீட்டுக்குள் வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். துக்க வீடுதான். காப்பி கேட்டார்கள். நான் போடவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மேனேஜர் விமானம் ஏறுவதற்குள் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவாகி, இவர் எழுத, ஸ்டோர்காரர் அடித்துத் திருத்த, அக்கவுண்ட்ஸ்காரர் வரியை எண்ண, விளக்கு வைக்கிற நேரம் வரை நடந்தது.

எழுதி முடித்ததும் இவர் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

"இங்கிலீஷைக் கொஞ்சம் பாத்துக் குடேன்" என்றார். "மனசே கேக்க மாட்டேங்குது. ஒரு ஜீவன் எவ்வளவு நாளா ஒண்ணுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. கைக்கு எட்டுற நேரத்துல நான் போயி குறுக்க விழுந்து கெடுத்துட்டேன். அதை நெனச்சா ராத்திரி தூக்கம் வருமா சொல்லு?"

"யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"மேனேஜரைத்தான்" என்றார். "வேற யாரை?"

மேஜையிலிருந்து ஏழு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளை வாங்கவில்லை.

"நாளைக்குக் காலையில நானும் உங்ககூட ஆபீஸ் பஸ்ல வர்றேன்" என்றேன். "என்.ஓ.சி. தர்றேன்னுட்டார். எனக்கு வேலைக்குப் போக இஷ்டம் இல்லைன்னு தீபாவளிக்கே யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்களாம்."

ஸ்டோர்காரர்தான் முதலில் எழுந்தார். எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடி, ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அக்கவுண்ட்ஸ்காரர் போகிறபோது, "வரேன் அண்ணி" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

இவர் மட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று பயந்திருக்கலாம். அதைக்கூட அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானாக யோசித்துக்கொண்டதுதான். அவர்கள் உரக்கப் படித்துப் படித்து எழுதிய அந்தக் கடிதத்தில் வரிக்கு வரி மன்னிப்பு இருந்தது. தலைப்பில் இருந்தது, நடுவில் இருந்தது, எட்டுக் கையெழுத்துக்கு மேலே கடைசி வரியிலும் இருந்தது. நான் அடுப்பங்கரை வாசலில் நின்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார்.